தார் கடிக்கிற தைலம்மாள்

என் பெண்டாட்டி தார் தின்பாள் என்று தியாகதுருகம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவன் நாக்கு அழுகட்டும். அவள் தின்னமாட்டாள். கடிப்பாள், மெல்லுவாள், துப்புவாள். இதற்கும் தின்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் வாய் திறந்தால் நான் என்ன செய்ய முடியும்?

நான் சடையன். ரோடு போடுகிற ஆபீசில் ரோலர் ஓட்டினவன். வண்டிக்கு அவசரம் என்பதே தெரியாது, ஓட்டுகிறவனுக்குக் கோபம் மட்டும் சட்டென்று வரும். தைலம்மாள் அதே கேங்கில் தினக்கூலிக்கு ஜல்லி சுமக்க வந்தவள். பெண்கள் ஜல்லி சுமக்கலாம், ரோட்டைப் பெருக்கலாம், தார் பாய்லர் பக்கம் மட்டும் வரக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது.

தாருக்கும் வயசு உண்டு, அது தெரியுமா உங்களுக்கு? சூடு ஏற ஏற, நேரம் போகப் போக, உள்ளே இருக்கிற பசை செத்து முறுகிப்போகும். அதை நாங்கள் கிழத் தார் என்போம். கிழத் தாரை ஊற்றினால் ரோடு ஆறு மாசத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் பாய்லருக்குள் எட்டிப் பார்த்தால் இளசும் கறுப்பு, கிழமும் கறுப்பு. அப்போது எங்களுக்கு மேஸ்திரி பச்சமுத்து. அவர் குச்சியில் ஒரு சொட்டு எடுத்து, தண்ணீரில் முக்கி ஆறவைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து “ம்ம்” என்பார். அந்த “ம்ம்” பாதி நாள் பொய்.

ஒரு நாள் திருநாவலூர் பக்கம் வேலை. பச்சமுத்து “ம்ம்” சொல்லிவிட்டுப் போட்ட துணுக்கை தைலம்மாள் எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

“இது கிழம்யா. படக்குனு உடையுது பாரு” என்றாள்.

கேங்கே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கென்ன வெட்கம், உண்மையைச் சொல்கிறேன். அந்த ரோடு பொங்கலுக்குள் பல்லை இளித்துவிட்டது. அதற்குப் பிறகு பச்சமுத்து தானே குச்சியை நீட்டிக்கொண்டு வருவார். “இந்தா தைலம்மா, கடிச்சிச் சொல்லு.” பல் பதிந்து உடையாமல் இருந்தால் நல்ல தார். ஈறில் இளகி ஒட்டினால் சூடு போதவில்லை. படக்கென்று உடைந்தால் கிழம். பன்னிரண்டு வருஷம் இப்படி. ஆபீஸ் காகிதத்தில் மட்டும் ‘தாரைச் சோதித்தவர்: மேஸ்திரி பச்சமுத்து’ என்று போகும்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாசத்தில் பச்சமுத்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். மேஸ்திரி இடம் காலி. அன்றைக்குச் சாயங்காலமே தைலம்மாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த எடம் எனக்கு ஓணும்.”

“பொம்பளை மேஸ்திரியா? ஏய், ஊரு சிரிக்கும்.”

“பல்லு என்னுது, பேரு அந்தாளுது. இத்தினி வருசம் சும்மா இருந்தேன். ஒரு காயிதத்துலயாவது மேஸ்திரி தைலம்மாள்னு வந்துட்டுச் சாவணும்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் காலையிலும் மத்தியானத்திலும் எனக்கு வெறும் களி மட்டும் வந்தது, குழம்பு வரவில்லை. அதற்கப்புறம் அந்த விஷயத்தில் நான் சிரிக்கவில்லை. ஆனால் ஆபீசில் சிரித்தார்கள். இரண்டு தடவை போய்க் கேட்டாள், இரண்டு தடவையும் சிரிப்புத்தான் பதில்.

அப்போதுதான் ரப்பர் தார் வந்தது.

மெட்ராசிலிருந்து தமிழரசன் என்று ஒரு இஞ்சினியர், மூக்குக்கண்ணாடி, வழிய வழிய உற்சாகம். தாரில் ரப்பர் கலந்தால் ரோடு சீக்கிரம் கிழமாகாதாம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறுகிற முதல் வளைவில் சோதனை பார்க்கவேண்டும். அந்த வளைவு எங்களுக்குத் தலைவலி. மலை பஸ் திரும்பித் திரும்பி வருஷா வருஷம் தார் பெயர்ந்துவிடும், ஜல்லி உருளும், பஸ் பள்ளத்துப் பக்கம் சறுக்கும்.

செப்டம்பர் மாசம் ஒரு வியாழக்கிழமை காலை பாய்லரில் ரப்பர் தார் இறங்கியது. தைலம்மாள் வழக்கப்படி ஒரு துணுக்கு எடுத்துக் கடித்தாள். பல் அழகாகப் பதிந்தது. துப்பலாம் என்று பார்த்தால் வரவில்லை, பல்லில் பிடித்துக்கொண்டது. விரலால் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் வந்தது. கை நழுவியதுதான் தாமதம், சொளேர் என்று திரும்பிப் போய் அவள் உதட்டிலேயே அடித்தது.

“ஐயோ! சார், உன் தாரு என்னை அடிக்குது சார்!”

இஞ்சினியருக்குச் சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. “அதான்மா ரப்பர்! இழுத்தா திரும்பி வரும். அதான் ரோட்டுக்கு நல்லது. பஸ் அழுத்தினா அமுங்கும், போனா எழும்பும்” என்றார். அவளுடைய பல் விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு இன்னும் குஷி. அவரிடமும் அப்படி ஒரு சோதனை உண்டாம். ஆறின தாரில் ஊசி வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று எண் பார்ப்பார்களாம். ஊசியைத்தான் கள்ளக்குறிச்சியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். சின்ன டப்பாவில் கொஞ்சம் தாரை மொண்டுகொண்டு ஜீப்பில் ஏறினார்.

“தைலம்மா, இந்த ரோடு மட்டும் நல்லா வரட்டும், நீதான் மேஸ்திரி. நானே எழுதித் தரேன். ஒண்ணே ஒண்ணு, நெருப்பு அணையக் கூடாது. அணைஞ்சா ரப்பர் பாய்லர்லயே இறுகிடும். ஊசி பார்த்துட்டுத்தான் ஊத்தணும், மத்தியானம் வந்துடறேன்.”

மத்தியானம் வந்தது. இஞ்சினியர் வரவில்லை. வந்தது மறியல்.

அது இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறித்த வருஷம். எங்கும் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். மற்ற ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு என்றெல்லாம் சேதி வந்தது, அதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் இடத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்களுக்குக் கீழே ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. மேலே மலைதான். நடுவில் என் ரோலர், ஒரு பாய்லர், நாங்கள் ஆறு பேர். ரோலரை எதற்கும் நகர்த்தாதே என்று மறியல்காரர்கள் சொன்னார்கள். அது நகர்ந்தாலும் எவனுக்குத் தெரியப்போகிறது!

இரண்டாம் நாள் விறகு தீர்ந்தது.

“அணைச்சிடு. யாரு கேக்கப் போறா?” என்றேன்.

“அணையக் கூடாதுன்னாரு. மேஸ்திரி ஆவறவ மொதோ சொல்லையே தட்டிட்டா இன்னாத்துக்கு ஆவும்?”

சொல்லிவிட்டு நேராக மறியல்காரர்களிடம் போனாள். அங்கே மீசையும் துண்டுமாக ஒருத்தர் தலைவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, அந்தப் புளியமரத்துல கொஞ்சம் வெறகு எடுத்துக்கட்டுமா?”

அந்த மனுஷர் திகைத்துப்போனார். “இன்னாம்மா இது, மறியலையே வெட்டி அடுப்புல வெக்கறேன்றியே!”

“அடிமரம் உங்குளுது, கெளை எங்குளுது. ரோட்டை அடைக்க அடிமரம் போதாதா?”

கூடியிருந்தவர்கள் ஹோ என்று கத்தினார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கிளை எங்களுக்கு, பதிலுக்குப் பாய்லர் அடுப்பின் ஓரத்தில் அவர்கள் டீக்கு வெந்நீர் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஐந்து நாளும் திருவிழாதான் போங்கள். அவர்கள் அந்தப் பக்கம் கோஷம் போடுவார்கள், தொண்டை காய்ந்தால் இந்தப் பக்கம் வந்து டீ குடிப்பார்கள். புளியம் பச்சை விறகுப் புகையில் எல்லார் கண்ணும் சிவந்து, ஏதோ எல்லோரும் சேர்ந்து ஒப்பாரி வைத்த மாதிரி ஆகிவிட்டது. மரம் நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டே வந்தது.

தைலம்மாள் நெருப்பை அடக்கி வைத்துத் தாரைக் கிளறிக்கொண்டே இருப்பாள். தினமும் ஒரு துணுக்கு எடுத்துக் கடிப்பாள். மறியல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் பல் பதிந்தது. நாலாம் நாள் பதிந்தது. சாதாரணத் தாராக இருந்தால் இந்நேரம் கருகிக் கரியாகியிருக்கும். ஆறாம் நாளும் பதிந்தது.

“வயசே ஆவலய்யா இந்தத் தாருக்கு!” என்று கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள்.

“அப்டின்னா என் மூஞ்சிக்கு ரெண்டு கரண்டி ஊத்தும்மா” என்றார் மீசைக்காரர்.

ஏழாம் நாள் மறியல் முடிந்தது. இஞ்சினியர் கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வந்தார். பாதி தூரம் சைக்கிள் அவர்மேல் வந்தது, அவ்வளவு மரம் வழியில். பாய்லரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“ஏழு நாளும் எரிஞ்சுதா? மத்தியானம் வரைக்கும்னுதானே சொன்னேன்!”

“மத்தியானம் வரைக்கும்னு நீங்க சொல்லல சார். அணையக் கூடாதுன்னு சொன்னீங்க. மத்தியானம் வர்றேன்னு சொன்னது நீங்கதான்” என்றாள்.

அவர் கையோடு கொண்டுவந்த ஊசியை வைத்துப் பார்த்தார். முதல் நாள் டப்பாவில் மொண்டுபோன தாரில் அறுபத்திரண்டு. இன்றைக்கு அறுபது. மறுபடி பார்த்தார். அறுபதுதான். மனுஷர் துள்ளிவிட்டார். “ஏழு நாள் நெருப்புல இருந்தும் ஒண்ணும் ஆகலையே! மெட்ராசே ஆடிப்போகும் தைலம்மா!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவள் கையைக் குலுக்கினார், வழியில் நின்ற மீசைக்காரர் கையையும் குலுக்கினார். பையிலிருந்து காகிதம் எடுத்து ரோலர் சக்கரத்தின் மேல் வைத்து அப்போதே எழுத உட்கார்ந்தார். மேஸ்திரி வேலைக்கான சிபாரிசு.  அவளுக்குக் கால் தரையில் இல்லை.

புறப்படுகிற நேரத்தில் மறியல்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “அந்த லாஸ்டிக் வேடிக்கைய ஒரு தபா காட்டும்மா. மொத நாளு உன்னை அடிச்சிதாமே.”

பெருமையாக ஒரு துணுக்கைக் கடித்தாள். பல் பதிந்தது. பிடித்து இழுத்தாள். வந்தது, ஒரு சாண் வந்தது. விட்டாள். எல்லாரும் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

திரும்பிப் போகவில்லை. தார் அப்படியே மோவாயில் தொங்கியது.

இன்னொரு துணுக்கு எடுத்தாள். இழுத்தாள், விட்டாள். தொங்கியது. யாரும் கேட்பதற்குள் அவளை ஓரமாக இழுத்துப்போனேன்.

“வாய மூடிக்கினு இரு. ஊசியே நல்லாக்குதுன்னுச்சு. உனக்கு இன்னா வந்துது?”

“ரப்பர் செத்துப்போச்சுய்யா.”

“சாவட்டும். அந்தாளு எழுதிக்கினு இருக்காரு, கண்ணு தெரியல? இன்னும் ரெண்டு வரிதான்.”

அவள் ரோலரைப் பார்த்தாள், அதன்மேல் குனிந்து எழுதுகிறவரைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. இந்தத் தடவை புகை இல்லை. பிறகு விடுவிடுவென்று போனாள்.

“சார், எழுதறத நிறுத்துங்க. இது கிழம்.”

அவர் நம்பவில்லை. அவளே பிடித்து இழுத்துக் காட்டினாள். அவரும் இழுத்தார். தொங்கிற்று. அவர் முகத்திலிருந்த குஷியெல்லாம் ஒரு நொடியில் வடிந்தது.

“அப்போ ஊசி ஏன் சரியாக் காட்டுச்சு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார். “சூட்டுல தார் கெட்டியாயிடுச்சு. அதே சூட்டுல ரப்பர் அறுந்து இளகிடுச்சு. அது ஏற, இது இறங்க, ரெண்டும் சேர்ந்து பழைய எண்ணையே காட்டுது.”

“அதத்தான் சார் நானும் சொல்றேன். புளிச்ச மோருல தண்ணி ஊத்தினா புளிப்பு சரியாத்தான் இருக்கும். அதுக்குன்னு அது புது மோராயிடுமா? எம்பல்லும் ஏமாந்துச்சு, உங்க ஊசியும் ஏமாந்துச்சு. இத வளைவுல ஊத்தினா மலை பஸ்ஸு ஏமாறும்.”

இஞ்சினியர் எழுதின சிபாரிசை நான்காகக் கிழித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மெட்ராசிலிருந்து வந்த தார் பாழானதற்கு ஒரு காகிதம் போகவேண்டுமாம். அதில் ‘பொறுப்பு மேஸ்திரி’ என்று ஒரு கட்டம், அதில் கையெழுத்து இல்லாமல் ஆபீசில் வாங்கமாட்டார்களாம். அவர் தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“தைலம்மா... மேஸ்திரின்னு உம் பேரைப் போட்டுடவா?”

எனக்கு வந்ததே கோபம்! “நல்லா இருக்குது சார் நியாயம்! நல்லதுக்குக் கெடையாத மேஸ்திரி, பழிக்கு மட்டுமா? எம் பொண்டாட்டி...” என்று ஆரம்பித்தேன். காலில் சுருக்கென்று வலித்தது. தைலம்மாள் என் கட்டைவிரலை மிதித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எழுதுங்க சார். ஆனா நெருப்பு வெச்ச நாள்லேருந்து மேஸ்திரின்னு எழுதுங்க. இன்னிக்கு மேஸ்திரி ஆனவ ஏழு நாளா எப்டி தாரக் கெடுத்தான்னு கேப்பாங்கல்ல?”

அவர் அசந்துபோய்ப் பார்த்தார். நியாயம்தான். அதற்கென்று முதலில் ஒரு நியமனத் தாள் எழுதினார், முதல் நாள் தேதியிலிருந்து. பிறகு பழித் தாள். எழுதினதை உரக்கப் படித்தார். “பொறுப்பு மேஸ்திரி, தைலம்மாள், கணவர் பெயர் சடையன்.”

“சார், பச்சமுத்து மேஸ்திரி பேரு போடறப்ப அவரு பொண்டாட்டி பேரு போட்டீங்களா?”

“இல்லியே.”

“அப்ப இதுல மட்டும் எதுக்கு?”

அவர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கூட இருந்தவர்கள் பார்த்தார்கள். கிளம்பிப் போன மறியல்காரர்களில் நாலு பேர் திரும்பிவந்து பார்த்தார்கள். தைலம்மாள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

“அடிச்சிடுங்க சார்” என்றேன்.

அடித்தார். அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கிழத் தாரை மீசைக்காரர் தன் மாட்டுத் தொட்டி ஓட்டையை அடைக்க இரண்டு வாளி கேட்டு வாங்கிப்போனார். தொட்டிக்கு இழுவை எதற்கு?

ஐப்பசியில் தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தார். பழுப்பு உறை, கவர்மெண்ட் முத்திரை. மேலே ‘மேஸ்திரி தைலம்மாள்’. நான்தான் பிரித்துப் படித்தேன். ரப்பர் தாரைப் பாழாக்கியதற்காக உம்மை ஏன் மேஸ்திரி பதவியிலிருந்து நீக்கக் கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தரவும்.

“போச்சுடி!” என்றேன்.

அவள் உறையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். “இருந்தாத்தானய்யா நீக்க முடியும்! நான் இருக்கேன்னு கவர்மெண்டே சொல்லிட்டான்!” என்று வீடு வீடாகக் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்கள் ஏதோ பரிசு என்று நினைத்து ஆரத்தி எடுத்தார்கள்.

விளக்கத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘ஐயா, ரோட்டை மறித்தது நான் இல்லை. நெருப்பை அணைக்காதே என்றது நான் இல்லை. கிழத் தாரை ரோட்டில் ஊற்றாதே என்றது நான். இதற்காக நீக்குவதென்றால் நீக்கவும். நீக்குகிற காகிதத்திலும் மேஸ்திரி என்று போடவும்.’

அதற்குப் பதில் வரவே இல்லை. பதில் வராமலேயே பதினெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்துவிட்டுத்தான் அவள் ஓய்வு பெற்றாள். அந்தப் பதினெட்டு வருஷமும் எனக்கு ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் என் பெண்டாட்டியிடம் மனுப் போட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது. பாதி நேரம் அதுவும் தரமாட்டாள்.